கழுத்தில் தொங்கும் அட்டை: சென்னை சர்வதேசத் திரைப்பட விழா வந்த வழி

மக்களே, இந்த இதழுக்கு ஏதாவது எழுதிக் கொடுன்னு கேட்டப்ப, என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பத்தி எழுதலாம்னுதான் முதல்ல நினைச்சேன். அதை நானே இன்னும் முழுசா படிக்கல, உங்களை எதுக்குப் படிக்க வைக்கணும்? அதனால போன டிசம்பர்ல நான் கழுத்துல ஒரு அட்டையை மாட்டிக்கிட்டு சுத்துன நாலு நாளைப் பத்தி எழுதுறேன். நாலு நாள் பார்த்த படங்களைப் பத்தி இல்ல. அந்த அட்டை என் கழுத்துக்கு எப்படி வந்துச்சுங்கற கதை.

சென்னை சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கின வருஷம் 2003. நானும் 2003. ஒரே வயசுக்காரங்க. ஆனா கூத்தாநல்லூர்ல வளர்ந்த எனக்கு, காலேஜ் சேர்ற வரைக்கும் அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. ஒரே ஒருத்தருக்குத் தெரிஞ்சிருந்தது, எங்க பெரியப்பாவுக்கு. அவர் கதைக்கு அப்புறம் வரேன்.

சென்னையில விழா 2003-லதான் முளைச்சதுன்னு நினைச்சா தப்பு. அதுக்கு அரை நூற்றாண்டு முன்னாடி போகணும். 1952 ஜனவரி 24-ஆம் தேதி பம்பாயில இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கியது. நடத்தியது மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன். பம்பாயில முடிச்சுட்டு அதோட நிறுத்தல. பெட்டிகளைக் கட்டிக்கிட்டு சென்னை, டெல்லி, கல்கத்தான்னு ஊர் ஊரா விழா போச்சு. அப்ப சென்னைக்கு மதராஸ்னு பேரு. அந்த விழாவுல காட்டுன படங்கள்ல ஒண்ணு விட்டோரியோ டி சிகாவோட 'பைசைக்கிள் தீவ்ஸ்'. சைக்கிள் திருடு போன ஒரு கூலித் தொழிலாளி தன் மகனோட ரோம் நகரம் முழுக்கத் தேடி அலையறான். அவ்வளவுதான் கதை. அதைப் பார்த்த பிமல் ராய் அடுத்த வருஷமே 'தோ பீகா ஜமீன்' எடுத்தார். ரெண்டு பீகா நிலத்தைக் காப்பாத்திக்க கல்கத்தாவுக்குப் போய் ரிக்‌ஷா இழுக்கிற விவசாயியோட கதை. அந்தப் படம் 1954-ல கான் விழாவுல பரிசு வாங்கியது. ஒரு விழாவுல பார்த்த படம் விதையாகி, முளைச்சது இன்னொரு விழாவுக்குப் போயிருக்கு. நிலத்தை அடமானம் வெச்சவங்களை நேர்ல பார்த்து வளர்ந்த டெல்டா பையனுக்கு அந்தப் படம் ஒண்ணும் 'கிளாசிக்' மாதிரி தெரியல, பக்கத்து வீடு மாதிரிதான் தெரிஞ்சது.

தமிழ்ல இதுக்கு என்ன உதாரணம்னு கேட்டா, எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணு இருக்கு. எஸ். பாலசந்தர், வீணை பாலசந்தர்னு சொல்வாங்களே அவர்தான், ஒரு திரைப்பட விழாவுல அகிரா குரோசாவாவோட 'ரஷோமோன்' பார்த்தார். ஒரே சம்பவத்தை ஒவ்வொருத்தரும் வேற வேற மாதிரி சொல்ற படம். அந்தச் சொல்முறை அவரைப் பிடிச்சு ஆட்டிருச்சு. அதே மாதிரி ஒரு நாடகம் எழுதி வானொலிக்குக் கொடுத்தார், அவங்க எடுத்துக்கல. கடைசியில அதை ஏவி.எம். படமா தயாரிச்சது. 1954 தமிழ்ப் புத்தாண்டுக்கு வந்த 'அந்த நாள்'. பாட்டு கிடையாது, டான்ஸ் கிடையாது, சண்டை கிடையாது. 1943-ல மதராஸ் மேல ஜப்பான்காரன் குண்டு போட்ட நேரத்துல நடக்கிற கொலைக் கதை. செத்துப்போறவர் சிவாஜி. அவர் யாரு தெரியுமா? ஒரு ரேடியோ இன்ஜினீயர்! படிச்ச படிப்புக்கு மதிப்பில்லைங்கற ஆத்திரத்துல எதிரிப் பக்கம் சாயற இன்ஜினீயர். நம்ம ஈசிஇ பசங்க பிளேஸ்மென்ட் சீசன்ல பார்க்க வேண்டாத படம், மத்த நேரத்துல கட்டாயம் பார்க்க வேண்டிய படம். வந்தப்ப ஓடல. பாட்டு எங்கேன்னு ஜனங்க கேட்டிருப்பாங்கன்னு நினைக்கிறேன். இன்னைக்கு அதைப் பேசாம தமிழ் சினிமா வரலாறு எழுத முடியாது.

திரைப்பட விழா எதுக்குன்னு யாராவது கேட்டா நான் இந்த ஒரு படத்தைத்தான் காட்டுவேன். ஆயிரம் பேர் பார்த்துட்டு வீட்டுக்குப் போவாங்க. ஒருத்தர் மட்டும் தூங்க மாட்டார்.

மத்திய அரசின் விழாவுக்கு அதுக்கப்புறம் பெரிய இடைவெளி. ரெண்டாவது விழா 1961-ல டெல்லியில. மூணாவது 1965-ல, அதுலதான் போட்டி தொடங்குச்சு. எழுபதுகள்ல ஒரு ஏற்பாடு வந்தது: டெல்லியில போட்டியோட ஒரு வருஷம், மத்த ஊர்கள்ல போட்டி இல்லாம 'ஃபிலிமோத்சவ்' ங்கற பேர்ல ஒரு வருஷம். அப்படித்தான் 1978-ல சென்னைக்கு முறை வந்தது. அதே வருஷம்தான் 'முள்ளும் மலரும்', 'அவள் அப்படித்தான்' ரெண்டும் வெளிவந்தன. விழாவாலதான் அந்தப் படங்கள் வந்துச்சுன்னு நான் சொல்ல வரல, அப்படிச் சொல்றது சும்மா கதை கட்டுறது. ஊருக்குள்ள ஒரு காத்து வீசிக்கிட்டு இருந்த வருஷம், அவ்வளவுதான்.

மறுபடி 1991 ஜனவரியில விழா சென்னைக்கு வந்தது. இங்கதான் எங்க பெரியப்பா வரார்.

எங்க ஊரைப் பத்தி ரெண்டு வரி. திருவாரூர் மாவட்டம், மன்னார்குடிக்குப் பக்கம். சுத்தி வயல், நடுவுல சிங்கப்பூர், மலேசியா, வளைகுடான்னு போய்ச் சம்பாதிச்சவங்க கட்டுன பெரிய பெரிய வீடுகள். எண்பதுகள்ல வெளிநாட்டுல இருந்து வந்தவங்க வீட்டுலதான் முதல்ல டெக் இருந்துச்சாம். டெக்னா வீடியோ கேசட் பிளேயர், கூகுள்ல தேடாதீங்க. அக்கம்பக்கத்துப் பசங்க எல்லாம் அங்க உட்கார்ந்து விடிய விடிய படம் பார்ப்பாங்களாம். பெட்டி வெளிநாடு, கேசட் மட்டும் நம்ம தமிழ்ப் படம். ஊர்ல பாதிப் பேர் பாஸ்போர்ட்டுல உலகத்தைச் சுத்தியிருக்காங்க, ஆனா ஒரு மலாய்ப் படமோ அரபுப் படமோ ஊருக்குள்ள வந்ததா யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.

பெரியப்பா 1991-ல சென்னையில வேலை தேடிக்கிட்டு, திருவல்லிக்கேணியில ஒரு மேன்ஷன்ல இருந்தார். ஏதோ விழா, வெளிநாட்டுப் படம் போடறாங்கன்னு கேள்விப்பட்டு ஒரு தியேட்டர் வாசலுக்குப் போயிருக்கார். கையில டிக்கெட் காசு இருந்துச்சு. ஆனா வாசல்ல நின்னவர், "இந்த ஷோவுக்கு டெலிகேட் பாஸ் இருந்தாத்தான் சார்"னுட்டார். "கழுத்துல அட்டை மாட்டினவனெல்லாம் போறான் தம்பி, நான் காசை வெச்சுக்கிட்டு நிக்கிறேன்"னு இப்பவும் சொல்வார். டீ குடிச்சுட்டு நடந்தே திரும்பிட்டார். சின்ன வயசுல இதைக் கேட்கும்போதெல்லாம் அது பணக்காரங்க விஷயம்னு முடிவு பண்ணிக்கிட்டேன்.

அது பணக்கார ஏழை விஷயம் மட்டும் இல்லன்னு பின்னாடிதான் புரிஞ்சது. இந்தியாவுல ஒரு படத்தைப் பொதுமக்களுக்குக் காட்டணும்னா சென்சார் சான்றிதழ் வேணும். 1952-ஆம் வருஷத்து சினிமாட்டோகிராஃப் சட்டம் அது. முதல் விழாவும் அந்தச் சட்டமும் ஒரே வருஷம் பாருங்க. ஒரு வாரத்துக்காக இங்க வந்துட்டுப் போற படத்துக்கெல்லாம் சான்றிதழ் வாங்கிக்கிட்டு இருக்க முடியாது. அதே சட்டத்தோட 9-ஆவது பிரிவு, மத்திய அரசு விலக்கு கொடுக்கலாம்னு சொல்லுது. விழாக்கள் அந்த விலக்கை வாங்கித்தான் நடக்குது. பதிலுக்கு, பார்க்கிறவங்க பேர் பதிஞ்ச பிரதிநிதிகளா இருக்கணும். அந்த அட்டை வெறும் பந்தா இல்ல, சட்டத்துல இருக்கிற ஒரு சின்னக் கதவோட சாவி. ('கட்' இல்லாத படமாம்னு கேள்விப்பட்டே கூட்டம் அலைமோதுன கதைகளும் அந்தக் கால விழாக்களுக்கு உண்டு. பெரியப்பா எதுக்குப் போனார்னு நான் கேட்கல, மரியாதை இருக்குல்ல.)

1991-க்கு அப்புறம் மத்திய அரசின் விழா வேற வேற ஊர்களுக்குப் போய், 2004-ல இருந்து கோவாவிலேயே நிலையா தங்கிடுச்சு. இதுக்குள்ள மத்த ஊர்கள் தனக்குன்னு ஒரு விழா தொடங்கிட்டாங்க. கல்கத்தா 1995, கேரளம் 1996, மும்பை 1997, புனே 2002. வருஷத்துக்கு இத்தனை படம் எடுக்கிற கோடம்பாக்கம் இருக்கிற ஊருக்குச் சொந்தமா ஒரு விழா கிடையாது. கேட்கவே கூச்சமா இருக்குல்ல?

அந்த இடத்தை நிரப்புனது அரசாங்கம் இல்ல, பெரிய ஸ்டுடியோவும் இல்ல, ஒரு ஃபிலிம் சொசைட்டி. இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன், சுருக்கமா ஐகாஃப். ஃபிலிம் சொசைட்டின்னா என்னன்னு நம்ம தலைமுறைக்குச் சொல்லணும். ஓடிடி, டொரன்ட் எதுவும் இல்லாத காலத்துல, உறுப்பினர் சந்தா கட்டி, தூதரகங்கள்ல இருந்தும் கலாச்சார மையங்கள்ல இருந்தும் படப்பெட்டி கடன் வாங்கி, ஒரு சின்ன ஹால்ல போட்டுப் பார்க்கிற கூட்டம். 1947-ல சத்யஜித் ராயும் நண்பர்களும் கல்கத்தாவுல தொடங்குனாங்க. 1959-ல இந்தச் சங்கங்களுக்கெல்லாம் ஒரு கூட்டமைப்பு வந்தது, அதுக்குத் தலைவரும் ராய்தான். சென்னையிலயும் அந்தப் பழக்கம் வேர் விட்டிருந்தது. அந்த மரத்துல காய்ச்சதுதான் 2003 விழா. ஐகாஃப்போட பொதுச் செயலாளரா இருந்த ஈ. தங்கராஜ்தான் விழா இயக்குநராவும் பல வருஷம் இதை இழுத்துக்கிட்டு வந்தார். 'இழுத்துக்கிட்டு'ன்னு தெரிஞ்சேதான் எழுதுறேன். கேரளத்துல விழாவை நடத்துறது மாநில அரசோட சலச்சித்ர அகாடமி. சென்னையில நடத்துறது ஒரு சங்கம், தமிழக அரசு நிதி உதவி செய்யுது, திரைத்துறை அமைப்புகள் கை கொடுக்குது. வித்தியாசம் என்னன்னா, அங்க விழா ஒரு துறையோட வேலை. இங்க வருஷா வருஷம் மறுபடி முதல்ல இருந்து கதவைத் தட்டணும். ரெண்டு விழாவும் பெரும்பாலும் டிசம்பர்லயே மோதிக்குதுங்கறது தனி சோகம்.

சரி, ஒரு விழாவுக்கு என்னென்ன வேணும்? கொஞ்சம் கணக்குப் போடுவோம், நாம இன்ஜினீயர்கள்தானே.

முதல் வருஷங்கள்ல படம்னா 35 எம்எம் ஃபிலிம் சுருள். ஒரு அடி ஃபிலிம்ல 16 ஃபிரேம். செகண்டுக்கு 24 ஃபிரேம் ஓடணும். அப்ப செகண்டுக்கு ஒன்றரை அடி, நிமிஷத்துக்கு 90 அடி. ரெண்டு மணி நேரப் படம்னா 10,800 அடி, கிட்டத்தட்ட 3.3 கிலோமீட்டர். நூறு படம் காட்டுற விழான்னு வெச்சுக்குங்க, 330 கிலோமீட்டர் ஃபிலிம். சென்னையில இருந்து எங்க ஊர் வரைக்கும் விரிச்சுடலாம். இதெல்லாம் இரும்புப் பெட்டியில ஏர்போர்ட்டுக்கு வந்து, கஸ்டம்ஸ்ல நின்னு, தியேட்டருக்குப் போய், முடிஞ்சதும் அடுத்த நாட்டு விழாவுக்கு விமானம் ஏறணும். ஒரு பெட்டி லேட்டானா ஒரு காட்சி காலி.

இப்ப டிசிபி, அதாவது டிஜிட்டல் சினிமா பேக்கேஜ். ஒவ்வொரு ஃபிரேமும் ஜேபெக் 2000 முறையில சுருக்கப்பட்டிருக்கும். அதிகபட்ச வேகம் செகண்டுக்கு 250 மெகாபிட். ரெண்டு மணி நேரத்துக்குப் பெருக்கினா சுமார் 225 ஜிகாபைட். ஒரு ஹார்ட் டிஸ்க்குல அடங்கிடும். ஆனா அந்த டிஸ்க்கைத் திருடினா ஒண்ணும் கிடைக்காது, உள்ள ஏஇஎஸ் 128 பூட்டு. அதைத் திறக்க கேடிஎம்னு ஒரு சின்ன சாவிக் கோப்பு தனியா வரும். அந்தச் சாவி இந்தத் தியேட்டரோட இந்த சர்வர்ல, இந்தத் தேதி இந்த மணியில இருந்து இந்த மணி வரைக்கும் மட்டும்தான் வேலை செய்யும். திரையை மாத்தினா வேற சாவி. நேரம் தள்ளிப்போனா புது சாவி கேட்டு வேற நாட்டுக்கு மெயில் போடணும், அங்க நடுராத்திரியா இருந்தாலும். க்ரிப்டோகிராஃபி பேப்பர்ல பதினாறு மார்க்குக்கு எழுதுனப்ப இதெல்லாம் எங்க பயன்படும்னு நினைச்சேன். ஆபரேட்டர் ரூம்ல பயன்படுது.

இவ்வளவு கட்டுப்பாடு இருக்கிற விஷயத்தை எந்த மாசத்துல நடத்துறாங்க? வடகிழக்குப் பருவமழை முடியுதா இல்லையான்னு தெரியாத டிசம்பர்ல! மார்கழியில சபாக்கள்ல கச்சேரி, தியேட்டர்ல விழான்னு சென்னைக்கு அது கொண்டாட்ட மாசம். ஆனா தேதிகளை வரிசையா எழுதிப் பார்த்தப்ப ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு. 2015 டிசம்பர் வெள்ளம் வந்தது, 13-ஆவது விழா டிசம்பர்ல நடக்கல, 2016 ஜனவரி 6-ல தொடங்கியது. 14-ஆவதும் 2017 ஜனவரியிலதான், அதுக்கு முந்தின டிசம்பர்ல ஜெயலலிதா மறைவு, அடுத்த வாரமே வர்தா புயல். 15-ஆவது அதே 2017 டிசம்பர்ல. ஆக 2015-ங்கற காலண்டர் வருஷத்துல விழாவே இல்ல, 2017-ல ரெண்டு! 2020 கொரோனா, 18-ஆவது விழா 2021 பிப்ரவரி 18-க்குப் போச்சு, 19-ஆவது அதே வருஷம் டிசம்பர் 30-ல தொடங்குச்சு. 2023-ல மிக்ஜாம் புயல் சென்னையை முழுகடிச்ச பத்து நாள்ல, டிசம்பர் 14-ஆம் தேதி, 21-ஆவது விழா தொடங்கிடுச்சு. நம்பர் மட்டும் ஒரு தடவைகூடத் தவறல. தேதி ஓடியிருக்கு, எண்ணிக்கை ஓடல.

இது சென்னைக்கு மட்டும் இல்ல. உலகத்தோட முதல் பெரிய திரைப்பட விழா 1932-ல வெனிஸ்ல நடந்தது. கான் விழா 1939 செப்டம்பர் 1-ஆம் தேதி தொடங்க வேண்டியது. அன்னைக்கு ஹிட்லர் போலந்துக்குள்ள நுழைஞ்சான். கான் விழா உண்மையில தொடங்கினது 1946-ல.

இந்தத் தேதிப் பட்டியல்ல எனக்கு ஒரே ஒரு வரி உறுத்துது. 16-ஆவது விழா, 2018 டிசம்பர் 13 முதல் 20 வரை. தள்ளிப்போகல, சரியான நேரத்துல நடந்துச்சு. அதுக்கு நாலு வாரம் முன்னாடி, நவம்பர் 16 விடியக்காலை, கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி டெல்டாவைப் பிரிச்சுப் போட்டது. நான் அப்ப பத்தாவது. தென்னை எல்லாம் படுத்துக் கிடந்தது, மின்கம்பம் எல்லாம் படுத்துக் கிடந்தது. நாள் கணக்கா கரண்ட் இல்ல, ஜெனரேட்டரை வண்டியில ஏத்திக்கிட்டு வந்து தெருத்தெருவா வாடகைக்குத் தண்ணித் தொட்டி நிரப்பிக் கொடுத்தாங்க. விழாவை ஏன் நிறுத்தலன்னு நான் கேட்கல, நிறுத்தியிருந்தா எங்க வீட்டுக்கு கரண்ட் வந்திருக்காது. ஆனா சென்னை முழுகினா விழா தள்ளிப்போகும், டெல்டா விழுந்தா போகாதுன்னு அந்தப் பட்டியல் தன்னால சொல்லுது. விழாவோட பேர்ல ஊர் பேர் 'சென்னை'ன்னுதானே இருக்கு, அதுல பொய் இல்ல.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, சினிமா நம்ம பக்கம் இருந்து கிளம்பின கதையும் உண்டு. 1905-ல திருச்சியில, ரயில்வேல வரைவாளரா வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட்ங்கற பிரெஞ்சுக்காரர்கிட்ட இருந்து படம் காட்டுற மெஷினையும் படச்சுருளையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டுட்டு டென்ட் போட்டு ஊர் ஊரா படம் காட்டப் போயிட்டார். அந்தச் சுருள்கள் எல்லாமே வெளிநாட்டுப் படங்கள். அதாவது கொட்டாயில மணல்ல உட்கார்ந்த நம்ம ஆளுங்க, எந்த அட்டையும் இல்லாம உலக சினிமா பார்த்துட்டாங்க! 1952 விழாவும் நாலு ஊருக்கு நடந்துதான் போச்சு. இப்ப சாவிக் கோப்பு மெயில்ல வருது, ஹார்ட் டிஸ்க் பையில அடங்குது, திருவாரூர்லயும் தஞ்சாவூர்லயும் டிஜிட்டல் புரொஜெக்டர் ஓடுது. விழா முடிஞ்ச மறுவாரம் பத்துப் படத்தை மட்டும் தஞ்சாவூர்ல போட டெக்னிக்கலா ஒரு தடையும் எனக்குத் தெரியல. உரிமையும் விலக்கும் பணமும்தான் கேள்வி. 3.3 கிலோமீட்டர் ஃபிலிமைத் தூக்குனவங்களுக்கு அது முடியாத காரியமான்னு யோசிச்சுப் பாருங்க.

நான் எப்படிப் போனேன்னு சொல்லிடறேன், போக நினைக்கிறவங்களுக்கு உதவும். மாணவர்களுக்குக் கட்டணம் பாதிதான், எனக்கு 500 ரூபாய் ஆச்சு. காலேஜ் ஐடி, ஒரு போட்டோ. செமஸ்டர் பரீட்சைக்கு நடுவுல நாலு நாள் லீவு விழுந்தது, மன்னை எக்ஸ்பிரஸ்ல ஏறிட்டேன். ராயப்பேட்டை சத்யம் வளாகம். முதல் நாள் தெரியாத்தனமா அஞ்சு படம் பார்த்தேன், ராத்திரி எந்தப் படத்துல யார் செத்தாங்கன்னே குழம்பிடுச்சு. மறுநாள்ல இருந்து மூணுதான். அட்டவணையில நாட்டோட பேரைப் பார்த்துப் போகாதீங்க, கதைச் சுருக்கத்தைப் படிங்க. பேசப்படுற படத்துக்கு அரை மணி முன்னாடியே வரிசையில நிக்கணும், அட்டை இருந்தா சீட் உறுதின்னு அர்த்தம் இல்ல. வரிசையில பக்கத்துல நிக்கிற ரிட்டயர்ட் ஆளுங்ககிட்ட பேச்சுக் கொடுங்க, பத்துப் பதினஞ்சு வருஷமா வர்றவங்க இருப்பாங்க. எந்தத் தியேட்டர்ல எப்ப ஏசி நின்னுச்சுன்றது வரைக்கும் சொல்வாங்க. சப்டைட்டில் எல்லாம் இங்கிலீஷ்தான். இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கு அது பிரச்சினை இல்ல. பெரியப்பாவுக்குப் பிரச்சினை.

ஊருக்கு வந்ததும் அட்டையைக் காட்டினேன். கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்குத்தானா?"ன்னார். அப்புறம் என்ன படம் பார்த்தேன்னு கேட்டார். ஒரு ஈரான் படத்தோட கதையைச் சொல்ல ஆரம்பிச்சேன். ஒரு அப்பன், ஒரு கடன், விக்க மனசில்லாத ஒரு துண்டு நிலம். பாதியில நிறுத்தி, "இரு, நான் சொல்றேன்"னு முடிவை அவரே சொல்லிட்டார். சரியா இருந்தது.